கைமாறி வந்த கார்: தோப்பூரை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகத்தின் பொருளாதார வரலாற்றை ஆராயப் புகுவோர் காணி உறுதிகளையும் வரிப் பதிவேடுகளையும் குடிசன மதிப்பீட்டு அறிக்கைகளையும் தேடிச் செல்வது வழக்கம். அச்சமூகத்தினர் வாங்கி, ஓட்டி, பழுதுபார்த்து, மீண்டும் விற்ற மோட்டார்க் கார்களைச் சான்றாகக் கொள்வோர் அரியர். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் வாழும் தமிழ் பேசும் மக்களிடையே ஐம்பது, அறுபது வயதான கார்கள் நெடுங்காலம் ஓடியமை பலராலும் வேடிக்கையாகவே பேசப்பட்டு வந்துள்ளது. பழைமையில் உள்ள பற்றே அதற்குக் காரணம் என்பர் சிலர். சிக்கன புத்தி என்பர் வேறு சிலர். இவ்விரு விளக்கங்களும் மேலோட்டமானவை. எந்தக் கார் வாங்கத்தக்கது, எது ஓட்டத்தக்கது என்பதைத் தீர்மானித்தவை உரிமையாளரின் மனப்பாங்கைக் காட்டிலும் அந்நியச் செலாவணி, தெரு, ஆறு, எரிபொருள், போர் ஆகியனவே என்பதை வரலாற்று நோக்கிற் காணமுடியும்.

இதனை ஆராய்வதற்குத் தோப்பூர் தக்கதோர் இடமாகும். திருகோணமலை மாவட்டத்திலே, கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூர்ப் பிரிவில் அமைந்த நெல் விளையும் ஊர் அது. முஸ்லிம்களும் தமிழரும் அயலவராக வாழும் பிரதேசம். 1950களில் விருத்தி பெற்ற அல்லை நீர்ப்பாசனத் திட்டம் அதன் வயல்களுக்கு வளமூட்டியது. உலகப் புகழ் பெற்ற இயற்கைத் துறைமுகம் குடாவின் மறுகரையிலே தென்பட்டபோதிலும், அங்கு செல்வது எளிதாக இருக்கவில்லை. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிற் கலக்குமிடத்துப் பல கிளைகளாகப் பிரிந்து, நீரேரிகளையும் சதுப்பு நிலங்களையும் தோற்றுவித்துள்ளது. ஆதலால், மூதூர்ப் பகுதியினர் திருகோணமலை நகருக்குச் செல்வதாயின் ஒன்றில் மூதூர் இறங்குதுறையிலிருந்து லாஞ்சிலே குடாவைக் கடத்தல் வேண்டும். அன்றேல் தரைவழியே இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா ஆகிய துறைகளைப் ‘பாதை’யிலேறிக் கடத்தல் வேண்டும். வாகனங்களை ஏற்றிச் செல்லும் மிதவைப் படகைக் கிழக்கிலங்கையார் ‘பாதை’ என்றே வழங்குவர். தெரு முடியுமிடத்திலிருந்து தெருவாகத் தொடர்வது அதுவே என்னும் பொருள் அச்சொல்லில் இயல்பாகவே அமைந்துவிட்டது.

இத்தகைய ஊருக்கும் வேகக் காருக்கும் என்ன தொடர்பு என்ற வினா எழலாம். நான்கு கதவுகளைக் கொண்ட குடும்பக் காருக்குப் பந்தயக் காரின் இயல்புகளை ஊட்டும் முயற்சி, இரண்டாம் உலகப் போரின் பின்னரே பரவலான விற்பனை முறையாக உருப்பெற்றது எனலாம். பிரித்தானியாவில் எம்.ஜி. நிறுவனம் 1953இல் வெளியிட்ட மக்னெற், ஜாகுவார் 1959இல் வெளியிட்ட மார்க் 2, இத்தாலியின் அல்பா ரோமியோ 1962இல் வெளியிட்ட ஜூலியா என்பன இவ்வகையின. யப்பானில் பிரின்ஸ் நிறுவனத்தின் ஸ்கைலைன் ஜி.டி. கார்கள், 1964ஆம் ஆண்டு சுசுக்காவில் நடைபெற்ற பந்தயத்திலே போர்ஷே 904க்கு அடுத்த இடங்களைப் பெற்றுப் பெரும் பரபரப்பை ஏற்படுத்தின. வீட்டுக்குரிய நாற்கதவுக் காரொன்று பந்தயத்துக்கென்றே அமைக்கப்பட்ட காரைத் துரத்திச் சென்றமை யப்பானிய மக்களின் கற்பனையைக் கவர்ந்தது. மனைவி மக்களுடன் பயணஞ் செய்யும் ஒருவன் தன் இளமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதே இக்கார்கள் விற்ற கனவாகும்.

இலங்கையிலும் அக்கனவுக்கு ஆட்கள் இல்லாமலில்லை. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டே தொடங்கிவிட்டது. எனினும், தோட்டத் துரைமாரும் கொழும்பின் செல்வந்தரும் பங்குகொண்ட அவ்வுலகு, தமிழ்க் கிராமங்களுக்கு மிகத் தொலைவிலேயே இருந்தது. கிராமங்களை வந்தடைந்தவை ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், ஹில்மன், பேஜோ முதலிய கார்களே. அவையும் பெரும்பாலும் வைத்தியர், சட்டத்தரணி, வணிகர், வாடகைக் கார்ச் சொந்தக்காரர் ஆகியோரிடம் இருந்தன. நெல் விளையும் ஊரிலே இயந்திரத்துக்கு இடும் முதற்பணம் உழவு இயந்திரத்துக்கே செல்லும்; கார் அதற்குப் பின்னரே வரும். வாடகைக் கார் என்பது அக்காலத்தில் ஊருக்குப் பொதுவான உடைமை போன்றது. கலியாணத்துக்கும் அதுவே, பிரசவத்துக்கும் அதுவே. நான்கு பேருக்கென அமைக்கப்பட்ட ஆசனங்களில் எட்டுப் பேர் அமர்ந்து சென்றமையை ஈழத்து முதியோர் எவரும் வியப்பாகக் கூறமாட்டார்.

ஒரே உடலமைப்பில் இருவகைக் கார்கள் வெளிவந்தமையும் இவ்விடத்திற் கருதத்தக்கது. 1959இல் வெளியான ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் அதே ஆண்டின் எம்.ஜி. மக்னெற்றும் தோற்றத்தில் உடன்பிறந்தாரை ஒத்தவை. மக்னெற்றுக்கு இரட்டைக் காபுரேற்றர் பொருத்தப்பட்டிருந்தமையே உண்மையான வேறுபாடு. புதிதாக வாங்குவோனுக்கு இது பெருமை தரும். மூன்றாம் கையாக வாங்குவோனுக்கோ அது பொறுப்பு. இரு காபுரேற்றர்களும் ஒத்த அளவிற் காற்றை இழுக்குமாறு சமன்செய்யாவிடின் இயந்திரம் சீராக ஓடாது, பெற்றோலும் வீணாகும். அதனைச் செவியாலேயே அறிந்து சரிசெய்யவல்ல மெக்கானிக் ஒவ்வோர் ஊரிலும் இருப்பதில்லை. விரைவுக்கெனச் சேர்க்கப்படும் ஒவ்வோர் உறுப்பும், கார் கைமாறும்போது பழுதுக்கான வாயிலாகிவிடுகிறது. இதனாலேயே, பேஜோ 404 போன்ற கார்கள் பெற்ற மதிப்புக்குத் தனிக் காரணம் உண்டு. 1963, 1966, 1967, 1968 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் கிழக்காபிரிக்க சபாரிப் பந்தயத்தில் அது வென்றது. சேறும் புழுதியும் நிறைந்த தெருக்களிலே பெற்ற வெற்றி அது. தட்டையான பந்தயத் திடலிற் பெறும் வெற்றியிலும் பார்க்க, இலங்கை போன்ற நாட்டினருக்கு இவ்வெற்றியே பொருளுடையதாகும்.

1960களின் தொடக்கத்திலே இலங்கையின் அந்நியச் செலாவணி ஒதுக்கம் சுருங்கத் தொடங்கியது. கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1968இல் நடைமுறைக்கு வந்த அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறையும், 1973ஆம் ஆண்டின் உலக எண்ணெய் நெருக்கடியும் நிலைமையை மேலும் இறுக்கின. இதன் விளைவாக விநோதமானதொரு சந்தை தோன்றிற்று. வயதேற வயதேற விலை குறைவதே காரின் இயல்பு. இலங்கையிலோ, வாங்கிய விலைக்கு மேலாகப் பழைய காரை விற்கும் நிலை உருவாயிற்று. கார் தேய்மானமடையும் பொருளாக அன்றி, நகையைப்போல வைப்புப் பொருளாக மாறியது. தகப்பனிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து மருமகனுக்கும் அது சென்றது. கிடைக்காத உதிரிப்பாகத்தைக் கடைசலில் உருட்டியும், வேறொரு காரின் பாகத்தை அராவிப் பொருத்தியும் ஓடவைக்கும் ஆற்றல் கராச்சுகளிலே வளர்ந்தது. இவ்வாற்றலின் ஒரு கிளை பின்னாளிலே எதிர்பாராத வகையில் வெளிப்பட்டது. 1990களில் தென்னிலங்கையிற் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்கள், அக்காரின் தாயகமான பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியாயின.

தமிழ்நாட்டு நிலைமை இதனின்றும் வேறானது. இந்தியாவும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதியைத் தடுத்த நாடுதான். ஆயினும், அங்கு அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்கள் உள்நாட்டிலே உற்பத்தியாயின. சென்னையை அடுத்த தொழிற்சாலையொன்றில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் உருவாகியது. அந்நாட்டார் புதிய காருக்கு வரிசையிற் காத்திருந்தனர். இலங்கையர் காத்திருப்பதற்கு வரிசையே இருக்கவில்லை. 1970களில் உபாலி விஜேவர்தன ஃபியட், மஸ்டா கார்களை உள்நாட்டிற் பொருத்தி விற்க முயன்றமை இவ்வரலாற்றில் ஒரு சிறு இடைநிகழ்ச்சியாகவே அமைந்தது.

காரின் இலக்கத் தகடும் வரலாற்று ஆவணமே. ‘சிலோன்’ என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளிலிருந்து எடுக்கப்பட்ட ‘ஈ.எல்.’, ‘ஈ.என்.’, ‘ஈ.வை.’ முதலிய எழுத்திணைகள் முன்னர் வழங்கின. 1957இன் தொடக்கத்தில் அவற்றுக்குப் பதிலாகச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் புகுத்தப்பட்டது. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய மறு ஆண்டு அது. தமிழரசுக் கட்சியினர் அவ்வெழுத்தை எதிர்த்துத் தமிழ் ‘ஸ்ரீ’யைத் தம் வாகனங்களில் எழுதினர். அதே ஆண்டு யூலையிற் கைச்சாத்தான பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தத்தின் பின் தணிந்திருந்த கிளர்ச்சி, 1958 மார்ச்சில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் புதிய பஸ்கள் சிங்கள எழுத்துடன் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டபோது மீண்டும் மூண்டது. ஏப்ரலில் ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாத இறுதியில் இனக்கலவரம் வெடித்தது. ஒரு தகட்டிலுள்ள ஓர் எழுத்து இத்துணைப் பெரிய துயரின் வாயிலாக அமைந்தமையை, காரை வெறும் பொருளாகக் கருதுவோர் சிந்தித்தல் வேண்டும்.

இங்கு இன்னொன்றும் உண்டு. இலங்கையிலே கார் கைமாறினும் அதன் பதிவிலக்கம் மாறுவதில்லை. ஆகவே, 1957க்கு முற்பட்ட பழைய காரை வாங்கிய தமிழன் சர்ச்சைக்குரிய எழுத்தைச் சுமக்க நேரவில்லை. அதற்காகவே பழைய கார் வாங்கப்பட்டது என்று கூறுவது மிகையாகும். எனினும், பழைய கார் பழைய நாட்டின் அடையாளத்தையும் தன்னுடன் கொண்டு திரிந்தது என்பதில் ஐயமில்லை. பின்னாளில் ‘ஸ்ரீ’ கைவிடப்பட்டது. 2000ஆம் ஆண்டு முதல் மாகாணத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள் இடம்பெற்றன. 2023இல் அவையும் நீக்கப்பட்டன.

1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கை கார்ச் சந்தையின் முகத்தை மாற்றியது. யப்பானில் ஓடிய கார்கள் ‘றீகண்டிஷன்’ என்ற பெயரில் வந்திறங்கின. யப்பானியர் தம் கார்களை விரைவிற் கைவிடுவதற்கு அந்நாட்டின் கட்டாயப் பரிசோதனை முறையும் ஒரு காரணமாகும். புதிய காருக்கு மூன்று ஆண்டிலும் அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் செலவுமிக்க பரிசோதனை உண்டு. அச்செலவைத் தவிர்க்க விரும்புவோர் காரை ஏலத்துக்கு விடுவர். யப்பானும் இலங்கையும் இடப்புறமாக ஓட்டும் நாடுகளாதலால், அக்கார்கள் எவ்வித மாற்றமுமின்றி இங்கு ஓடத்தக்கவை. நிசான் சனி, ரொயோட்டா கொறோலா, மிற்சுபிசி லான்சர் என்னும் பெயர்கள் வீட்டுப் பெயர்களாயின. 1990களில் லான்சரின் இவலூஷன் வகை உலகப் பந்தயங்களிற் கொடிகட்டிப் பறந்தது. பின்லாந்தைச் சேர்ந்த தொம்மி மாக்கினன் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் உலக றலிச் சாம்பியனானார். அந்த இவலூஷனை வாங்க இயலாதோர், அதே பெயர் தாங்கிய சிறிய இயந்திரக் காரை வாங்கி, பின்புறம் சிறகொன்றைப் பொருத்தி மனநிறைவடைந்தனர். இதனைப் பார்த்துச் சிரிப்பது எளிது. இயந்திரத்தின் கொள்ளளவுக்கேற்ப வரி ஏறும் நாட்டிலே வேகத்தின் தோற்றம் மட்டுமே நடுத்தர வர்க்கத்தினருக்குக் கட்டுப்படியாகும் என்பதை நினைவிற் கொண்டால் சிரிப்பு அடங்கிவிடும்.

ஆனால், தென்னிலங்கை யப்பானியக் காருக்கு மாறிய அக்காலமே வடகிழக்கிற் போர் மூண்ட காலமுமாகும். ஒரே தீவிலே இரு வேறு மோட்டார் வரலாறுகள் தோன்றியது இங்குதான். 1990 யூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியபின் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குப் பெற்றோல், பற்றறி முதலிய பல பொருள்கள் தடைசெய்யப்பட்டன. யாழ்ப்பாணத்திலே கிடைத்த சிறிதளவு பெற்றோல் பொன்னுக்கு நிகராயிற்று. அப்போது தலைதூக்கியவை கராச்சின் மூலையிற் கிடந்த ஏ40களும் மொறிஸ் மைனர்களும் கேம்பிரிட்ஜுகளுமே. அவை மண்ணெண்ணெயில் ஓடின.

இதன் விஞ்ஞானம் எளியது. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாகாது; அமுக்கம் மிகுந்தால் உரிய தருணத்துக்கு முன்னரே வெடித்து இயந்திரத்தைத் தட்டச் செய்யும். ஏ40 சோமசெட்டின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7.2க்கு 1. தாழ்ந்த தரப் பெற்றோலை மனங்கொண்டு வகுக்கப்பட்ட விகிதம் அது. விரைவுக்காக அமுக்கத்தைக் கூட்டி அமைத்த பிற்கால இயந்திரங்கள் தாங்கமாட்டாதவற்றை இது தாங்கியது. குளிர்ந்த இயந்திரத்தை எழுப்பச் சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலைச் சில துளிகள் காபுரேற்றருக்குட் பீச்சுவர். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய் தானே ஆவியாகத் தொடங்கும். அச்சிறு போத்தல் ‘சூப்பி’ எனப்பட்டது. மோட்டார் சைக்கிள்காரரும் அதனைச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்தனர். பற்றறி இல்லாக் குறையையும் பழைய கார் தீர்த்தது. முன்புறத்தே கம்பிக் கைபிடியைச் செருகிச் சுழற்றி எழுப்பும் வசதி அதற்கு உண்டு. யப்பானியக் காருக்கு அது இல்லை. புகையும் நாற்றமும் மிகுந்தன. பிளக்குகள் கரி பிடித்தன. எரியாத மண்ணெண்ணெய் வடிந்து இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தது. ஆயினும், நோயாளி வைத்தியசாலை சேர்ந்தார். பிரேதம் வீடு வந்தது.

எழுபது குதிரைவலுவைத் தாண்டிய யப்பானிய இயந்திரம் கொட்டிலில் உறங்க, 42 குதிரைவலு கொண்ட ஏ40 தெருவில் ஓடியமை, நல்ல கார் எது என்ற வினாவுக்கு வரலாறு அளித்த விசித்திரமான விடையாகும். பழைமைப் பற்று என்னும் விளக்கம் இங்கே முற்றாகத் தகர்ந்துவிடுகிறது. தெரிவு செய்யும் உரிமை இருந்தோர் எவரும் மண்ணெண்ணெய்ப் புகையைத் தெரிந்திருக்கமாட்டார்.

தோப்பூரின் அனுபவம் யாழ்ப்பாணத்தினின்றும் வேறுபட்டது. மூதூர்ப் பிரதேசத்திலே அரசின் கட்டுப்பாட்டுப் பகுதியும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியும் அடுத்தடுத்துக் கிடந்தன. சம்பூர்ப் பகுதி 2006 செப்ரெம்பர் வரை புலிகளின் வசம் இருந்தது. இத்தகைய எல்லைப் பிரதேசத்தில் காரை வைத்திருப்பதே சிக்கலான காரியம். சோதனைச் சாவடிகளும் ஊரடங்கும் பாதைச் சேவை நின்றுபோகும் நாள்களும் பயணத்தை வரையறுத்தன. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர்க் கரைகளைத் தாக்கிப் பேரழிவை விளைத்தது. 2006 யூலையில் மாவிலாறு மதகு மூடப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த சண்டையிலே மூதூரும் தோப்பூரும் சிக்கின. ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் கந்தளாயை நோக்கி வெளியேறினர். உழவு இயந்திரத்தின் பெட்டியும் லொறியும் நடையுமே அத்தகைய இடப்பெயர்வுகளுக்கு வாகனமாகின்றன. நான்கு கதவுகள் கொண்ட கார் அங்கே போதாது. குடும்பம் ஒன்று மட்டும் வெளியேறும் காலமன்று அது.

போர் முடிந்தபின் நேர்ந்த பெரிய மாற்றம் காரில் அன்றித் தெருவிலேயே நிகழ்ந்தது. 2009ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே, சவூதி அரேபிய நிதியுதவியுடன் அமைக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பிரெஞ்சு நிதியுதவியுடன் உப்பாறு, கங்கை, இறால்குழி ஆகிய துறைகளுக்கும் பாலங்கள் அமைந்தன. 2011 அளவில் திருகோணமலை – மட்டக்களப்பு வீதியின் பாதைகள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன. தாழ்ந்த உடலும் விறைத்த விற்களும் கொண்ட வேகக் கார், பாதையின் சாய்தளத்தில் ஏறுகையில் முன்தாங்கி இடிபடும். உப்புக்காற்றும் நீர்த்தெறிப்பும் அடித்தகட்டை அரிக்கும். ஏ40க்குத் தனிச் சட்டகம் இருந்தமையால் உடல் துருவேறினும் அது நின்றுபிடித்தது. உடலே சட்டகமாக அமைந்த பிற்காலக் கார்களுக்குத் துரு என்பது முதுகெலும்பு நோய். பாலங்கள் இவ்விடர்களிற் பெரும்பகுதியை நீக்கிவிட்டன. தோப்பூரிலிருந்து திருகோணமலை வரை சில்லு தண்ணீரைத் தொடாமற் செல்லும் வழி, வேகக் கார் என்ற கருத்து உலகில் தோன்றி அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே அவ்வூரவருக்குக் கிட்டியது.

அவ்வசதி வந்து பத்தாண்டு நிறைவதற்குள் பழைய சுழற்சி மீண்டும் தொடங்கியது. 2020 மார்ச்சில், அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 1960களிற் போலவே ஓடிய கார்களின் விலை மேலேறியது. பத்து ஆண்டுப் பழைய லான்சரையும் கொறோலாவையும் அவற்றின் சொந்தக்காரர் வாங்கிய விலையிலும் கூடிய விலைக்கு விற்றனர். 2022இல் எரிபொருள் வரிசைகள் மைல் கணக்கில் நீண்டன. அவ்வாண்டு யூலையில் அறிமுகமான எரிபொருள் அனுமதி முறையின்கீழ்க் காருக்கு வாரம் 20 லீற்றரும், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் ஆரம்பத்தில் ஒதுக்கப்பட்டன. தென்னிலங்கையர் பலருக்கு இது முன்னர் காணாத அனுபவம். வடகிழக்கின் முதியோருக்கோ சூப்பிக் காலம் மீண்டது போலத் தோன்றியிருத்தல் கூடும்; ஆயினும் இம்முறை மண்ணெண்ணெயுங் கிடைக்கவில்லை. மின்கணினியாற் கட்டுப்படுத்தப்படும் இயந்திரமும் அதனை ஏற்றிராது.

2025 பெப்ரவரி முதலாந் திகதி தனியார் கார் இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. வரி மிக உயர்வாகவே விதிக்கப்பட்டமையால், ஏற்கெனவே நாட்டில் ஓடிக்கொண்டிருந்த கார்களைத் தேடுவோர் தொகை குறைந்துவிடவில்லை. வாங்குவோர் இலக்கத் தகட்டைப் பார்த்து வயதை மதிப்பிட்டனர். மைல்மானியை நம்பாது மிதிகட்டையின் தேய்வைப் பார்த்தனர். அடித்தகட்டில் உப்புத்துரு உண்டோ எனக் குனிந்து நோக்கினர்.